பைலட் மாமா

எதிர்வீட்டுக்குப் புதிதாக வந்தவர் எந்நேரமும் பொம்மைப் போர்விமானம் செய்துகொண்டிருந்ததால், தெருவே அவருக்கு ‘பைலட் மாமா’ என்று பெயர் வைத்துவிட்டது. அடுத்த வீட்டு விஷயம் தெரியாவிட்டால் தூக்கம் வராத மாடிவீட்டு அக்கா, சர்க்கரை கேட்கும் சாக்கில் உள்ளே நுழைந்தாள்.

மேஜையில் ஒரு விமானம். குண்டு போடும் கதவு வரை அடிப்பக்கம் முழுக்க அச்சு அசலாக வண்ணம் தீட்டியிருந்தார். மேல்பக்கம் வெறும் பிளாஸ்டிக்.

“என்ன மாமா, மேல அடிக்க பெயிண்ட் தீர்ந்துபோச்சா?”

“மேல எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதும்மா.”

“நல்லா இருக்கே கதை! ஓட்டினவருக்கே தெரியாதா?”

“நான் எங்கம்மா ஓட்டினேன்?” பிரஷ்ஷைக் கீழே வைத்தார். “பள்ளிக்கூட வாசல்ல என் பொண்ணு, ‘அப்பா, பிளேன்!’னு கை காட்டினா. அண்ணாந்து பார்த்தேன். இந்தப் பக்கம்தான் தெரிஞ்சது. அப்புறம் என் கையில அவ புத்தகப்பை மட்டும்தான் இருந்தது.”

அன்று அக்காவிடமிருந்து தெருவுக்கு ஒரு செய்தியும் வரவில்லை.