சனிக்கிழமை மட்டும் வராதே

"உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன் டெஸ்மண்ட், சனிக்கிழமை மேட்சுக்கு மட்டும் நீ வராதே!"

மேவிஸ் இப்படிச் சொன்னதும் டெஸ்மண்ட் தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தார். அவர் முகத்தைப் பார்க்க மேவிஸுக்கே பாவமாக இருந்தது. ஆனால் வேறு வழியில்லை. தார்ன்பெக் ரோவர்ஸ் கால்பந்து கிளப்பின் நுழைவாயிலில் இருபத்தாறு வருடங்களாக டிக்கெட் கிழிப்பவள் அவள். கடைசி மேட்சில் ஜெயிக்காவிட்டால் கிளப் கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிடும். அங்கே போனால் இப்போது வருகிற கூட்டமும் வராது. மைதானத்தை விற்றுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள்.

"என்ன பேசற மேவிஸ்? மழையோ பனியோ, ஒரு மேட்சாவது நானா வராம இருந்திருக்கேனா?"

"அதுதானே கஷ்டம்" என்றார் கூட வந்திருந்த ரெஜ். மைதானத்துப் புல்லை வெட்டிக் கோடு போடுபவர். சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்தார். "இந்த சீசன்ல நம்ம மைதானத்துல மூணே மூணு மேட்ச்தான் ஜெயிச்சோம். அக்டோபர்ல உனக்குப் பல்லு பிடுங்கின அன்னிக்கு. ஜனவரில உன் மச்சினி பொண்ணு கல்யாணத்தன்னிக்கு. அப்புறம் பிப்ரவரில, உன் கார் பனியில மாட்டிக்கிட்ட அன்னிக்கு. மூணுலயும் நீ இல்ல!"

"அது ஏதோ தற்செயலா நடந்தது."

"தற்செயலா? போன வாரம் நீ கத்தின கத்துல நம்ம கோல்கீப்பர் உன் பக்கம் திரும்பி, 'என்ன சொன்னீங்க?'ன்னு கேட்டான். அதுக்குள்ள பின்னாடி கோல் விழுந்துடுச்சு!"

"நான் கத்தலேன்னா பசங்களுக்கு உற்சாகம் எப்படிப்பா வரும்?"

"உற்சாகமா? உன் குரலைக் கேட்டாலே அவங்களுக்குக் கால் பின்னுது."

டெஸ்மண்ட் மேவிஸ் பக்கம் திரும்பினார். "கூட்டமே வரலேன்னு ஊரெல்லாம் அழுதுட்டு, இருக்கறவனையும் துரத்தறீங்களே, இது நியாயமா?"

"போன தடவை நூத்தி அறுபத்து மூணு பேர். அதுல நாலு பேர் கழிப்பறைக்கு வந்தவங்க. உன்னை நான் அந்தக் கணக்குலயே சேர்க்கல" என்றாள் மேவிஸ். "நீ வரலேன்னு தெரிஞ்சா இன்னும் நூறு பேராவது வருவாங்கப்பா."

டெஸ்மண்ட் தன் மனைவியைப் பார்த்தார். பாலின் கேக்கை நறுக்கிக்கொண்டே சொன்னாள்:

"நீங்க ரெண்டு பேரும் கவலைப்படாமப் போங்க. வயித்துப்போக்குன்னு சொல்லிடறேன். கார் சாவி என்கிட்டதான் இருக்கும்."

சனிக்கிழமை தூறலாக இருந்தது. ஆனாலும் நுழைவாயிலில் வரிசை தேவாலயத்து மூலைவரை நீண்டிருந்தது. "நிஜமாவே அவர் வரலையா?" என்று ஒவ்வொருவரும் கேட்டுவிட்டுத்தான் டிக்கெட்டை நீட்டினார். நானூற்றுப் பன்னிரண்டு பேர்! மேவிஸ் இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டு, வாயிலைச் சாத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

முதல் கோல் எதிரணிக்கு. மேவிஸ் கண்ணை மூடிக்கொண்டாள். வழக்கமாக இந்த நேரத்தில் பிளிறல் ஒன்று கேட்கும். அன்று கேட்கவில்லை. பையன்கள் ஒருவரையொருவர் தட்டிக்கொடுத்துவிட்டுப் பந்தை நடுவில் வைத்தார்கள். இடைவேளைக்கு முன்பே ஒரு கோலைத் திருப்பிப் போட்டார்கள்.

ஆனால் சமநிலை போதாது. எண்பத்தொன்பதாவது நிமிடம். மூலையிலிருந்து வந்த பந்து, வாரமெல்லாம் குழாய் ரிப்பேர் பார்க்கும் தடுப்பாட்டக்காரன் கோலினின் முதுகில் பட்டு வலைக்குள் போனது. எப்படிப் போனது என்று கோலினுக்கே தெரியவில்லை. ரெஜ் தான் கோடு போட்டு வைத்திருந்த புல்லின் மேலேயே விழுந்து புரண்டார்.

விசில் ஊதியதும் மேவிஸ் டெஸ்மண்டுக்குப் போன் செய்தாள்.

"ஜெயிச்சுட்டோம்! தப்பிச்சுட்டோம்!"

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் ஓசை.

"அப்ப நீங்க சொன்னது சரிதான், மேவிஸ். இத்தனை நாளா நான்தான் கேடா இருந்திருக்கேன். இதோட ஒதுங்கிக்கறேன். இனிமே அந்த மைதானத்துப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டேன்."

"அப்படிச் சொல்லாதேப்பா" என்றாள் மேவிஸ். எவ்வளவு பெரிய மனசு! நாளைக்கே பாலினுக்கும் அவருக்கும் ஒரு நல்ல விருந்து வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

கிளப் கூடத்தில் பீர் வழிந்தது. யார் யாரோ யாரையோ கட்டிப்பிடித்தார்கள். ஸ்பெயினில் குடியிருந்துகொண்டு வருடத்துக்கு ஒரு முறை தலைகாட்டும் கிளப் தலைவர், நாற்காலிமேல் ஏறி மைக்கைத் தட்டினார்.

"நண்பர்களே! நான் வந்த அன்னிக்கே நம்ம கிளப் என்னமா விளையாடுது! இந்த வெற்றிக்குக் காரணமானவர் இன்னிக்கு இங்க இல்ல. இப்பதான் அவர்கிட்ட போன்ல பேசினேன். பாவம், ஒதுங்கிக்கறேன்னார். விடுவேனா? மன்றாடி சம்மதிக்க வெச்சுட்டேன்."

மேவிஸின் கையிலிருந்த கோப்பை பாதி வழியில் நின்றது. ரெஜ் மெல்ல அவள் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"வயித்துப்போக்கோட படுக்கையில கிடந்தும் நம்மளைக் கரைசேர்த்த நம்ம அணியோட பயிற்சியாளர் டெஸ்மண்டுக்கு, இன்னும் அஞ்சு வருஷத்துக்கு ஒப்பந்தம்!"