நாள் தாங்கும் சேலை

மதுரைக்கு வந்த தில்லைநாதன், ஊர் திரும்புமுன் பரிசு வாங்கக் காதில் மாட்டியிருந்த வழிகாட்டிக் கருவியைக் கேட்டார். எந்தச் சந்தில் நல்ல கடை, யாருக்கு எது பிடிக்கும் என்பதோடு அவரவர் உடல்நிலையும் அதற்குத் தெரியும். மகளுக்குப் பித்தளை விளக்கைச் சொன்னது. மனைவி சௌந்தரத்துக்கோ மல்லிகைப்பூ, அல்வா என்றே திரும்பத் திரும்பச் சொன்னது.

"சுங்குடிச் சேலை கேட்டா, பூ போதும்னு சொல்லுதுங்க. என்னைவிடக் கஞ்சமா இருக்கு!" என்று சேலைக்கடைக்காரரிடம் சிரித்தார்.

கடைக்காரர் சிரிக்கவில்லை. "எங்கப்பாவுக்கும் கடைசி மாசத்துல இப்படித்தாண்ணே. நாள் தாங்காத பண்டமாவே சொல்லுச்சு."

நேற்றுப் பேசியபோது லேசான இருமல் என்றுதான் சௌந்தரம் சொன்னாள். தில்லைநாதன் வழிகாட்டியைக் கழற்றிப் பைக்குள் போட்டார்.

"சாயம் போகாததா எடுங்க," என்றார். "வருசக்கணக்கா கட்டணும்."