மிதியடி வரைக்கும்

பின்வாசல் கால் மிதியடியில் நின்றுகொண்டு ஹோப் வலது முன்னங்காலைத் தூக்கினாள். சமையலறைக்குள் கோழித் துண்டும் கையுமாக மண்டியிட்டிருந்தாள் ஹேசல். எந்தப் பாவி அந்தக் காலில் அடித்தானோ!

மழை கொட்டிக்கொண்டிருந்தது. கதவு திறந்தே கிடந்தது, உள்ளே கதகதப்பாக இருந்தது, கோழி மணத்தது. நாய் மட்டும் வரவில்லை. தூக்கிய காலோடு கொஞ்ச நேரம் நடுங்கிவிட்டு, தோட்டத்துக் கொட்டகைக்கே திரும்பிப் போய்விட்டாள்.

பதினேழு நாட்களாக இதே கதைதான். ருமேனியாவிலிருந்து மூன்று நாள் வேனில் பயணம் செய்து ராச்டேல் என்ற ஆங்கிலேய ஊரில் வந்து இறங்கியவள் அவள். தெருவில் அனாதையாகக் கிடந்தவள், அடிபட்டவள் என்று நாய் மீட்பு அமைப்பு கொடுத்த தாளில் எழுதியிருந்தது. கம்பி வலைக்குப் பின்னால் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்ற படத்தைப் பார்த்துத்தான் ஹேசல் உருகிப்போனாள். ஐம்பத்தெட்டு வயதில் அதுதான் அவளுடைய முதல் நாய்.

கால்நடை மருத்துவர் காலை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். எலும்பில் ஒரு கீறல்கூட இல்லை. கோளாறு மனசில்தான் என்று அவரும் கையை விரித்துவிட்டார்.

அமைப்பிலிருந்து போன் செய்யும் பிலிப்பா தினம் ஒரு பாடம் நடத்தினாள். கண்ணைப் பார்க்காதே, கூப்பிடாதே, மேலே குனியாதே. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தக் காலை மட்டும் தொட்டுவிடாதே. ஹேசல் பரீட்சைக்குப் படிப்பதுபோல எழுதி வைத்துக்கொண்டு அத்தனையும் செய்தாள். ஒன்றும் பலிக்கவில்லை.

"சிவப்புக் கம்பளம் விரிச்சுப் பாரு ஹேசல், மகாராணி அப்பத்தான் வருவாங்க" என்று பக்கத்து வீட்டு டெரக் வேலிக்கு மேலே தலையை நீட்டிச் சிரித்தார்.

ஹோப்புக்கு ஹேசலிடம் பயமோ என்றால் அதுவும் இல்லை. தேநீர்க் கோப்பையோடு கொட்டகையில் போய் உட்கார்ந்தால், ஹோப் தானாக வந்து அவள் மடியில் தலையை வைத்துக்கொள்வாள். வாசலைத் தாண்டத்தான் மாட்டாள்.

ஒரே ஒரு நாள் தாண்டினாள். போன செவ்வாய்க்கிழமை அதிசயமாக வெயில் அடித்து, தோட்டம் காய்ந்து கிடந்தது. யாரும் கூப்பிடாமலே நேராக உள்ளே நடந்து வந்தாள், ஹீட்டர் பக்கத்தில் சுருண்டு படுத்தாள், குறட்டைகூட விட்டாள். ஹேசல் மூச்சு விடவும் பயந்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். சாயந்திரம் மழை பிடித்துக்கொண்டது. வெளியே போய்விட்டு வந்தவள், காலைத் தூக்கிக்கொண்டு பழையபடி மிதியடியில் நின்றாள். இனி என்னதான் செய்வது என்று தெரியாமல் ஹேசல் அழுதேவிட்டாள்.

பிலிப்பா முடிவாகச் சொல்லிவிட்டாள். குளிர் ஏறுகிறது, கொட்டகையில் விட்டுவைக்க முடியாது, ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் வந்து அவளை வேறு வீட்டுக்குக் கூட்டிப் போவார்கள். இன்று சனிக்கிழமை.

தெருமுனையில் கார் கழுவும் டோரு ருமேனியாக்காரன். ஊர்ப் பேச்சைக் கேட்டாலாவது வருவாளோ என்று போன வாரம் ஹேசல் அவனைக் கெஞ்சிக் கூட்டிவந்திருந்தாள். அவன் நாலு வார்த்தை பேசியதும் வாலை ஆட்டிக்கொண்டு மிதியடி வரைக்கும் வந்தாள். அவன் அந்தக் காலைப் பிடித்துப் பார்க்கக் குனிந்தபோது, தொடாதே என்று ஹேசல்தான் பதறித் தடுத்தாள். போகும்போது ஹோப்பை ஒரு படம் எடுத்துக்கொண்டு, தாளில் இருந்த கிராமத்தின் பெயரையும் குறித்துக்கொண்டு போனான்.

அதே டோரு இப்போது நனைந்தபடி, கையில் போனோடு வந்து நின்றான்.

"மேடம், அந்தக் கிராமத்து ஆளுங்க குழுவுல படத்தைப் போட்டேன். ஒரு பெரியவர் தன்னோட நாய்ங்கறாரு. லைன்ல இருக்காரு."

ஹேசலுக்கு ரத்தம் கொதித்தது. "அப்ப தெருவுல விரட்டிவிட்டது அவன்தான்."

"எங்க பக்கம் பகல்ல கேட்டைத் திறந்துதான் வெச்சிருப்போம். நாய்ங்க ஊரைச் சுத்திட்டு சாயந்திரம் வந்துரும். அன்னிக்கு இவ வரலையாம்."

"விரட்டினவன் வேற எப்படிச் சொல்லுவான்?"

போனில் கம்பளித் தொப்பி போட்ட ஒரு கிழவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். "ப்ரூமா" என்று கூப்பிட்டார்.

கொட்டகையிலிருந்து நாய் பாய்ந்து வந்தது. சேறு தெறிக்க ஓடி வந்து மிதியடியில் நின்று, தேம்பிக்கொண்டே காலைத் தூக்கியது.

"பாத்தியா, குரலைக் கேட்டாலே நடுங்கறா" என்றாள் ஹேசல். "கேளு தம்பி. இந்தக் காலை என்ன பண்ணான்னு கேளு. நாளைக்கு இவளைக் கூட்டிட்டுப் போறதுக்குள்ள அது எனக்குத் தெரிஞ்சாகணும்."

டோரு கேட்டான். கிழவருக்குக் கேள்வியே புரியவில்லை போலிருந்தது, இன்னொரு முறை கேட்க வேண்டியிருந்தது. பிறகு ஏதோ நீளமாகச் சொன்னார்.

டோரு நாயின் காலைப் பார்த்தான். அடுப்புப் பக்கம் தொங்கிய துண்டைப் பார்த்தான்.

"என்னதான் சொல்றான்?"

"சேத்தைத் துடைச்சுவிடாம அவ எப்படி உள்ள வருவான்னு கேக்கறாரு, மேடம்."