இடக்கைக் குதிரைவீரன்

எங்களுக்குத் தெற்கேயுள்ள நாட்டு மன்னனின் வெள்ளிக் காசைப் பார்த்து, தன்யூப் ஆற்றங்கரையிலுள்ள எங்கள் குன்றூருக்கு நான் காசடிக்கும் அச்சு வெட்டினேன். அச்சிலுள்ள உருவம் காசில் இடவலம் மாறி விழும் என்பதை மறந்துவிட்டேன். ஆகவே, வலக்கையை உயர்த்தவேண்டிய குதிரைவீரன் எங்கள் காசில் இடக்கையை உயர்த்தினான்.

அண்ணி பனோனா கைகொட்டிச் சிரித்தார். "உங்கண்ணனேதான் கொழுந்தனாரே! அந்த மனுசனுக்கும் எல்லாம் இடக்கைதான்."

அண்ணன் அம்மன்னனின் படையில் கூலிக்குப் போனவர். அதன்பின் செய்தியே இல்லை. நாள்தோறும் அண்ணி உலையை ஊதினார். நான் சம்மட்டியால் அடித்தேன். முதலில் விழும் காசை அண்ணி கையிலெடுத்து, "இன்னும் இறங்க மனசு வரலையாக்கும்?" என்று அதனிடம் சண்டை பிடிப்பார்.

அறுவடை தொடங்கிய அன்று விழுந்த காசில் குதிரை மட்டும் தலைகுனிந்து மேய்ந்துகொண்டிருந்தது. அச்சைத் துடைத்துப் பார்த்தேன். அதில் வீரன் இருந்தான்.

"இறங்கிட்டாரு. பசியோட வருவாரு" என்ற அண்ணி, வாற்கோதுமைக் கஞ்சியை மூன்று கிண்ணங்களில் ஊற்றினார். பிறகு நாங்கள் இருவரும் விறகெடுக்கப் போய்த் திரும்பினோம்.

மூன்றாவது கிண்ணம் காலியாக இருந்தது. கரண்டி அதன் இடப்புறத்தில் கிடந்தது.