இஸ்மே கண்ட கனவு

"சிமியோன்! அந்தப் பொண்ணை ஏத்தாதே!"

படகுத்துறையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். காலில் செருப்புகூட இல்லாமல் ஓடி வந்துகொண்டிருந்தாள் இஸ்மே.

அல்தியாவுக்கு ஒரு கால் துறையில், ஒரு கால் படகில். கல்யாணமாகி ஐந்தாம் நாள். தேனிலவுக்குக் கிளம்பும்போது மாமியார் ஊர் பார்க்க இப்படிக் கூச்சல் போட்டால் யாருக்குத்தான் உடம்பு கூசாது?

"என்னம்மா இது?" என்று பல்லைக் கடித்தான் அவள் புருஷன் கெண்டல்.

அவன் கோபத்திலும் நியாயம் இருந்தது. வெளிநாட்டுப் பாய்மரப் படகுகள் வந்து குவியும் மாதங்களில் படகுப் பட்டறையில் ஒரு நாள்கூட லீவு கிடைக்காது. செப்டம்பரில்தான் பட்டறை காற்றாடும். ஆனால் செப்டம்பரில் ஃபெரிக் கப்பலும் வாரத்துக்கு இரண்டே நாள்தான். சிமியோனின் சின்னப் படகில் யூனியன் தீவு போய், பதினோரு மணி ஃபெரியைப் பிடித்தால் சாயங்காலத்துக்குள் பெக்கியா தீவில் தேனிலவு. அதை விட்டால் அடுத்தது நான்கு நாள் கழித்து. அதற்குள் லீவே முடிந்துவிடும். மூன்று மாதமாக அந்த ஃபெரி அட்டவணையைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தவன் அவன்.

அல்தியா மலைக்காரி. கடலுக்கு அந்தப் பக்கம், கிரெனடாவில் ஜாதிக்காய்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். ஏழு வயதில், கரையில் நின்றபடி ஒரு படகு கவிழ்ந்ததைப் பார்த்தாள். அன்றிலிருந்து கடல் என்றாலே பயம். படகு கட்டிப் பிழைக்கிற இந்தத் தீவுக்கு வாழ வந்துவிட்டு அதை வெளியே சொல்ல முடியுமா? சாகும் வரை சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்களே.

சற்று முன்புதான் கேப்டன் சிமியோன் கேட்டார். "என்ன மலைக்காரப் பொண்ணு, கை நடுங்குது?"

"குளிருது" என்றாள். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

இஸ்மே மூச்சு வாங்க வந்து நின்றாள்.

"கனவு கண்டேன், சிமியோன். மூணு நாளா அதே கனவு. ஆல்டன் வந்தாரு. சொட்டச் சொட்ட நனைஞ்சு என் கட்டில்கிட்ட நிக்கிறாரு. 'படகுல தண்ணி ஏறுது, வாளி எங்கே, வாளி எங்கே'ன்னு கேக்குறாரு."

ஆல்டன் கெண்டலின் அப்பா. கடலோடு போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது.

அல்தியா சட்டென்று இஸ்மேயைத் திரும்பிப் பார்த்தாள். அது அவளுடைய கனவு. படகுக்குள் தண்ணீர் முழங்கால் வரை ஏறுகிறது. இறைக்க வாளியைத் தேடுகிறாள். வாளி இல்லை. கெண்டலின் நீலத் தொப்பி மட்டும் மிதக்கிறது. மூன்று நாளாக இதே கனவுதான். யாரிடமும் அவள் மூச்சு விடவில்லை. பக்கத்தில் படுத்திருந்த கெண்டலுக்கும் தெரியாது. அவன் இடி விழுந்தாலும் எழுந்திருக்காத ஆள்.

சிமியோன் யோசிக்கவே இல்லை. அவர்களுடைய பெட்டியைத் தூக்கித் துறையில் வைத்துவிட்டார். செத்தவர் கனவில் வந்து தடுத்தால், அவருக்குத் தட்டு வைத்துப் படைக்காமல் அந்த ஊரில் எந்தக் கேப்டனும் ஏற்ற மாட்டார்.

"மாமா, ஃபெரி போயிடும்!" என்று கத்தினான் கெண்டல்.

"போகட்டும்டா. உங்கப்பன் பேச்சை மீறி உங்களை ஏத்துனா, நான் வீடு திரும்ப வேணாமா?"

படகு கிளம்பிவிட்டது. கூட்டத்தில் ஒருத்தி சத்தமாகவே சொன்னாள். "மகனை இடுப்பை விட்டு இறக்க மனசு வரல கிழவிக்கு!"

எல்லோரும் சிரித்தார்கள். இஸ்மேயின் காதில் விழுந்தது. அவள் திரும்பவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கெண்டல் வெடித்தான். "என் பொண்டாட்டியைப் புடிக்கலேன்னா நேரா சொல்லும்மா. செத்துப்போன அப்பாவை எதுக்கு இழுக்குறே?"

"தெக்குக் கரையில என் தங்கச்சி வீடு சும்மாதானே கிடக்கு. பஸ்லயே போகலாம். லீவு முடியற வரைக்கும் இருந்துட்டு வாங்க." இஸ்மே சாவியை மேஜையில் வைத்தாள்.

அவன் அதைத் தொடக்கூட இல்லை. கதவை அறைந்து சாத்திவிட்டுப் பட்டறைக்குப் போய்விட்டான்.

அல்தியா மெதுவாகச் சமையலறைக்குள் வந்தாள். தட்டு படைக்கச் சோளமாவுக் களி கிண்டிக்கொண்டிருந்தாள் இஸ்மே. அடுப்பில் இரண்டு கோழி வெந்துகொண்டிருந்தது.

"அத்தை... நான் எங்க வீட்டுக்கே போயிடறேன்."

"மலைக்குப் போகவும் கடலைத்தானே தாண்டணும்? என்ன ஆச்சு உனக்கு?"

"அந்தக் கனவு எனக்கும் வந்துச்சு அத்தை. அதே தண்ணி. அதே வாளி. செத்துப்போன மாமா என்னைத்தான் தேடி வராரு. நான் இங்க இருந்தா கெண்டலையும் கடல் கொண்டு போயிடும்."

இஸ்மே கரண்டியைக் கீழே வைத்தாள். வாசலை எட்டிப் பார்த்துவிட்டு வந்து, அவளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"ஒரு தட்டுக்கு எதுக்கு ரெண்டு கோழின்னு கேக்க மாட்டியா? ஒண்ணு ஆல்டனுக்கு. இன்னொண்ணு, அவர் பேரைச் சொல்லி நான் பொய் சொன்னதுக்கு."

"பொய்யா?" என்றாள் அல்தியா.

"அவர் எங்கேம்மா கனவுல வந்தாரு? என் கட்டிலுக்கும் உன் கட்டிலுக்கும் நடுவுல இருக்கிறது வெறும் பலகை. மூணு நாளா தூக்கத்துல 'வாளி எங்கே, வாளி எங்கே'ன்னு கத்துறது நீதானே?"