சோதனைச் சங்கு

‘பெர்மிஷன் டினைடு’ என்று திரை மறுபடியும் சொன்னது.

மாரீஸ்வரி தலையில் கை வைத்துக்கொண்டாள். தேவிகுளத்துக்கு மேலே அந்தத் தேயிலை எஸ்டேட் ஃபேக்டரியில் கம்ப்யூட்டர் என்றால் அவள்தான். வெளியே மழை விட்டபாடில்லை.

மலை உச்சியில் மண்ணுக்குள் ஒரு சென்சார் புதைத்திருந்தார்கள். மண் எவ்வளவு ஈரம் குடித்திருக்கிறது என்று அது அனுப்பும். கம்ப்யூட்டரில் ஒரு ஸ்கிரிப்ட் அதைப் படித்து, அளவு மீறினால் தானாகவே ஃபேக்டரிச் சங்கை ஊதிவிடும்.

சங்கு ஊதினால், கீழே தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் இருப்பவர்கள் போட்டது போட்டபடி மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓட வேண்டும். போன வருஷம் பக்கத்து மலை சரிந்த பிறகு வந்த ஏற்பாடு இது.

அந்த ஸ்கிரிப்ட்தான் அப்டேட் போட்ட நாளிலிருந்து வாயைத் திறக்கவில்லை.

லயத்தில் அவள் தங்கை கற்பகம் இருந்தாள், பச்சை உடம்புக்காரி. மாரீஸ்வரிக்குக் காலையிலிருந்து சோறு இறங்கவில்லை.

சரிசெய்ததும் பொய்யாக ஓர் எண்ணைத் தட்டி, சங்கை ஊதிப் பார்ப்பதாகத் திட்டம். கங்காணி பெரியமுத்து காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போதே அறிவித்துவிட்டார். போதாததற்கு லயத்தில் வீடு வீடாகவும் போய்ச் சொன்னார்.

“இன்னைக்குச் சங்கு ஊதுனா யாரும் பதறாதீக. நம்ம மாரீஸ்வரி புள்ளதான் ஊதிப் பாக்குது.”

அவளோ ஸ்கிரிப்ட்டின் அனுமதியையே மாற்றி மாற்றிப் போட்டு அரை நாளை வீணடித்திருந்தாள். ஸ்கிரிப்ட் மேல் ஒரு குற்றமும் இல்லை. சென்சாரைப் படிக்க அது கூப்பிடும் சிஸ்டம் லைப்ரரிதான் வழியை மறித்துக்கொண்டிருந்தது. அப்டேட்டில் புதிதாக வந்த அந்தக் கோப்பை அட்மின் தவிர யாரும் திறக்க முடியாது. சாமி வரம் கொடுத்தும் பூசாரி கொடுக்காத கதைதான்.

கண்டுபிடித்ததும் அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. எல்லோரும் படிக்கலாம் என்று அந்தக் கோப்புக்கு அனுமதி கொடுத்தாள். ஸ்கிரிப்ட்டை மறுபடியும் ஓடவிட்டாள்.

சங்கு அலறியது.

ஜன்னலோரம் நின்ற பெரியமுத்துவுக்கு முகமெல்லாம் பல். கீழே லயத்தைப் பார்க்கச் சொல்லிக் கையைக் காட்டினார். வாசலுக்கு வந்தவர்கள் ஃபேக்டரியை அண்ணாந்து பார்த்தார்கள். ஒருத்தி குடையை ஆட்டினாள். பிறகு எல்லோரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். சொன்ன சொல்லைக் கேட்கிற சனம்.

போன் அடித்தது, கற்பகம்.

“கேக்குதுக்கா, நல்லாவே கேக்குது. பிள்ள முழிச்சிட்டான், நிறுத்து” என்று சிரித்தபடி வைத்துவிட்டாள்.

மாரீஸ்வரி சங்கை நிறுத்தத் திரைப் பக்கம் திரும்பினாள்.

சோதனை எண்ணுக்கான கட்டம் திரையில் காலியாகவே இருந்தது. அவள் இன்னும் எதையும் தட்டவில்லை.