மாலகியின் பூட்ஸ்

நலத்துறை அதிகாரி ஓர்லா காரை நிறுத்துவதற்குள் அந்தப் பெண் வாசலுக்கு ஓடி வந்துவிட்டாள். படியோரம் கிடந்த ஆம்பளை பூட்ஸ் இரண்டையும் எடுத்து, உள்ளே தேங்கியிருந்த மழைத்தண்ணீரைக் கவிழ்த்துக் கொட்டினாள். அப்படியே நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்குள் மறைந்தாள்.

கையும் களவுமாக மாட்டினாள் என்று நினைத்துக்கொண்டாள் ஓர்லா. நோரீன் என்கிற இவள், புருஷன் விட்டுப் போனவள் என்று சொல்லி, தனக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் வாரா வாரம் அரசாங்கப் பணம் வாங்குகிறவள். புருஷன் மாலகி வீட்டில்தான் இருக்கிறான் என்று, பேர் சொல்லாத ஒரு குரல் நலத்துறை அலுவலகத்துக்கு போன் செய்து போட்டுக் கொடுத்திருந்தது. அது நிஜமென்றால் இன்றோடு பணம் நின்றுவிடும்.

பக்கத்து வீட்டு பெர்னி, வேலிச்செடியை வெட்டுகிற சாக்கில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

"உங்க புருஷன் எங்க?" ஓர்லா வாசலிலேயே கேட்டாள்.

"மெதுவா பேசுங்க மேடம். உள்ள வாங்க." நோரீன் அவசரமாகக் கதவைச் சாத்தினாள். "அவரு போய் ஒரு வருஷமாச்சு. லிவர்பூல்ல இருக்கறதா கேள்வி."

"வெளியில கொடியில தொங்கற சட்டை யாரோடது?"

"அவரோடதுதான்."

"லிவர்பூல்ல இருக்கறவரு சட்டையை இங்க எதுக்குத் துவைக்கறீங்க?"

"டீ போடட்டுமா?" என்று நோரீன் கெட்டிலை எடுத்தாள்.

"டீயெல்லாம் வேண்டாம். அந்த பூட்ஸைக் கொண்டாங்க. நீங்க ஒளிச்சதை நான் பாத்துட்டேன்."

"மேடம், அந்தப் பணம் வந்தாத்தான் பிள்ளைங்க தட்டுல சோறு. தயவுபண்ணி நம்புங்க."

"நம்பறமாதிரி நீங்க ஒண்ணும் செய்யலையே."

நோரீன் மாடிப்படிக்குக் கீழே இருந்த அலமாரியைத் திறந்தாள். பிள்ளைகளின் சாப்பாட்டில் கை வைக்கிற இந்த வேலை ஓர்லாவுக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஆனாலும் பூட்ஸை வாங்கி, சமீபத்தில் யாராவது போட்டதா என்று உள்ளே கைவிட்டுப் பார்த்தாள்.

விரலில் வழவழவென்று பாசி அப்பியது. தலைகீழாகத் தட்டியதும் ஒரு நத்தை மேசைமேல் விழுந்தது.

ஓர்லா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்புறம் இதை எதுக்கு வாசல்ல வெச்சிருந்தீங்க?"

வெளியே கத்தரிக்கோல் சத்தம் நின்றிருந்தது. நோரீன் ஜன்னலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"போறப்ப அதை அங்கயே வெச்சுட்டுப் போங்க மேடம். அவரு எங்களை விட்டுட்டுப் போனது பெர்னிக்கு இன்னும் தெரியாது."